வானொலிப் புகழ்

கோயில் திருவிழா நோட்டீசுகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ராஜபாளையம், சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று எங்கள் வட்டாரத்தில் பங்குனிப் பொங்கலும் பூக்குழியும் தொடங்கினால், ரோஸும் மஞ்சளுமாக இந்தத் தாள்கள் டீக்கடைச் சுவர்களில் ஒட்டியிருக்கும். எந்த நாள் என்ன மண்டகப்படி, யார் உபயம், ராத்திரி பத்து மணிக்கு யார் கச்சேரி என்று எல்லாம் அதில் இருக்கும். என்னிடம் உள்ள பழைய தாள்களில் கலைஞர்களின் பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி திரும்பத் திரும்ப வருகிறது: 'அகில இந்திய வானொலிப் புகழ்'. நாகசுரக்காரர், வில்லுப்பாட்டுக்காரர், நாட்டுப்புறப் பாடகி, கதாகாலட்சேபம் செய்பவர் எல்லோருக்கும் அதே அடைமொழிதான். சமீபத்திய தாள்களில் அந்த இடத்தில் 'டி.வி. புகழ்' இருக்கிறது, 'சூப்பர் சிங்கர் புகழ்' இருக்கிறது, 'யூடியூப் புகழ்' இருக்கிறது. வானொலி இல்லை.

அந்தச் சொல்லைப் 'புகழ்' என்று போட்டார்களே தவிர, நடைமுறையில் அது ஒரு தகுதிச் சான்று. வானொலியில் பாடவோ வாசிக்கவோ வேண்டுமென்றால் குரல் தேர்வுக்குப் போக வேண்டும். கலைஞர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பார், தேர்வாளர்கள் வேறொரு அறையில் ஒலியை மட்டும் கேட்பார்கள். யார் பிள்ளை, எந்தத் தெரு என்பதெல்லாம் அங்கே போகாது. தேறினால் 'பி', 'பி-ஹை', 'ஏ', 'டாப்' என்று தரம் கிடைக்கும். தரத்துக்கு ஏற்ற சன்மானமும், குறிப்பிட்ட இடைவெளியில் நிகழ்ச்சிக்கு ஒப்பந்தமும் வரும். கோயிலுக்குள்ளே வாசிக்கும் கலைஞருக்கும் கோயில் பொட்டலில் வில்லடிக்கும் கலைஞருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தத் தாள் தபாலில் வந்தது. எங்கள் பக்கத்துச் சமூக நிலவரம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்கு அந்தத் தாள் வந்த இடம் திருநெல்வேலி. சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் நிலையங்கள் வந்துவிட்டன. தெற்குக்கு 1963 டிசம்பர் 1-ம் தேதிதான் திருநெல்வேலி நிலையம் வாய்த்தது. மதுரைக்கு நிலையம் வர 1987 ஆயிற்று. ஆக, கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு இந்தச் சீமையின் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கும்மி, ஒப்பாரி, தெம்மாங்கு ஆகிய அனைத்துக்கும் பெரிய வாசல் திருநெல்வேலியாக இருந்தது. சாத்தூர் பிச்சைக்குட்டி போன்ற வில்லிசைக்காரர்கள் வாழ்ந்த நிலம் இது. கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலம், நிலையம் தொடங்கிய நான்கைந்து மாதங்களில், 1964 ஏப்ரலில் மறைந்துபோனார். அவர் இன்னும் ஒரு பத்து வருஷம் இருந்து, பக்கத்து ஊர் நிலையத்தில் மாதம் ஒரு முறை வாசித்திருந்தால் என்ன என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகம் பக்கம் வயதான நாகசுரக் கலைஞர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இந்த ஒப்பந்தத் தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன, பிளாஸ்டிக் உறைக்குள், சீவாளிகள் வைக்கும் அதே டப்பாவில். ஒரு தாளை விரித்துக் காட்டினார். தேதி, நேரம், நிமிடக் கணக்கு, பாட வேண்டிய உருப்படிகளை முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொல்லும் வரி. "அதுவரைக்கும் நான் கடிகாரம் பார்த்து வாசிச்சதே கிடையாது தம்பி" என்றார். கோயிலில் சாமி புறப்பாடு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ராகம். தேர் நின்றால் ராகமும் நின்று விளையாடும். வானொலியில் அப்படி முடியாது. சிவப்பு விளக்கு எரிந்ததும் தொடங்க வேண்டும், அணைவதற்குள் முடிக்க வேண்டும். குளிரூட்டிய அறையில் சீவாளி முரண்டு பிடித்ததையும், தவில்காரரை மைக்கிலிருந்து தள்ளி உட்கார வைத்ததில் அவர் கோபித்துக்கொண்டதையும் சொன்னார். கல்யாண வசந்தம் ராகத்தை எட்டு நிமிடத்துக்குள் அடக்க அவர் மூன்று மாதம் வீட்டில் சாதகம் செய்திருக்கிறார். "எது முக்கியம், எது சும்மா சுத்துறதுன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சது" என்றார்.

ஒலிபரப்பான அன்று காலையில் தெருவே டீக்கடை வாசலில் நின்றதாம். அறிவிப்பாளர் அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னபோது, எதிர் வீட்டு ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். வாசித்தவர் பக்கத்தில் நிற்கிறார், ஆனால் கும்பிடு பெட்டிக்கு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தேன்.

உள்ளூர் வானொலி என்று நான் சொல்வது இதைத்தான். ஓர் ஊரில் கோபுரம் நட்டு அலைவரிசை வைத்தால் மட்டும் அது உள்ளூர் வானொலி ஆகிவிடாது. அந்த மண்ணில் பாடுபவரைத் தேடிப் பிடித்து, சோதித்து, கூலி கொடுத்து, பதிவு செய்து, பெயர் சொல்லி ஒலிபரப்புகிற வேலை நடக்க வேண்டும். நகர வானொலிகளில் பின்னாளில் நடந்த சரிவு என்றால், அந்த வேலை நின்றுபோனதுதான். அலைவரிசைகள் குறையவில்லை. பெருகித்தான் இருக்கின்றன.

இதைச் சொல்லும்போது இன்னொன்றை மறைக்கக் கூடாது. எங்கள் ஊர்கள் உயிராக நேசித்த வானொலி உள்ளூர் வானொலி அல்ல, கொழும்பு வானொலி. 1952-ல் மத்திய அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர் திரைப்பாடல்களுக்கு அகில இந்திய வானொலியில் கதவடைத்தார். கேட்பவர்கள் திருகைத் திருப்பி இலங்கைக்குப் போனார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கிய பிறகும் தென் மாவட்டங்களில் இலங்கை வானொலிக்கு இருந்த மவுசு குறையவில்லை. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒலித்தன. அவர்கள் ஒலிபரப்பியது சென்னையில் பதிவான பாட்டு, ஒலிபரப்பிய இடம் கடலுக்கு அப்பால். ஆனாலும் நேயர் விருப்பத்தில் 'ராஜபாளையம்' என்ற சொல் வந்தால் வீட்டில் எல்லோரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு நிமிர்வோம்.

ஆகவே உள்ளூர்த் தன்மைக்கு இரண்டு பக்கம் உண்டு. பாட்டு இங்கே பிறந்திருப்பது ஒன்று. பாட்டைப் போடுகிறவர் நம்மைப் பார்த்துப் பேசுவது இன்னொன்று. திருநெல்வேலி முதலாவதைக் கொடுத்தது. கொழும்பு இரண்டாவதைக் கொடுத்தது. திருநெல்வேலி அறிவிப்பாளர்களின் செந்தமிழ் மரியாதைக்குரியது, ஆனால் கொஞ்சம் விலகி நின்றது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தனியார் பண்பலை வந்தபோது அந்த விலகல் உடைந்தது. 2000-களின் தொடக்கத்தில் சென்னை, கோவை, திருநெல்வேலியில் சூரியன், 2006-க்குப் பிறகு மதுரை, தூத்துக்குடி, திருச்சி, சேலம் என்று ஹலோவும் மிர்ச்சியும் மற்றவையும் பரவின. நெல்லைப் பேச்சும் மதுரைப் பேச்சும் முதன்முறையாக வானொலியில் கூச்சமில்லாமல் ஒலித்தன. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். வீட்டில் பேசுகிற மாதிரியே ஒருவர் பெட்டிக்குள்ளிருந்து பேசியது எங்கள் பிள்ளைகளுக்குத் தம் பேச்சின் மேல் ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. ஆனால் அந்தப் பேச்சுக்கு நடுவே ஒலித்தது திரைப்பாட்டு மட்டும். மதுரையிலிருந்து ஒலிபரப்பிய நிலையத்துக்கு மதுரையில் பாடுகிறவர் யாரும் தேவைப்படவில்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. முதல் கட்டத் தனியார் பண்பலையில் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 விழுக்காடு ஏறிக்கொண்டே போனது. நிலையங்கள் மூச்சுத் திணறின. 2005-ல் கொண்டுவந்த இரண்டாம் கட்டக் கொள்கை, மொத்த வருமானத்தில் 4 விழுக்காடு கொடுத்தால் போதும் என்று மாற்றியது. 2010 ஆகஸ்டில் காப்புரிமை வாரியம், இசைத் தட்டு நிறுவனங்களுக்கு விளம்பர நிகர வருமானத்தில் 2 விழுக்காடு கொடுத்தால் போதும் என்றது. நிலையம் நடத்துகிறவருக்கு இது பெரிய ஆறுதல். அதோடு இன்னொன்றும் நடந்தது. பதிவாகி இருக்கும் திரைப்பாட்டு மிகவும் மலிவாகக் கிடைத்தது. உள்ளூர்க் கலைஞரை அழைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்ய ஒலிப்பதிவாளர் வேண்டும், கூடம் வேண்டும், கலைஞருக்கும் பக்கவாத்தியத்துக்கும் சன்மானம் வேண்டும், பிறகு கேட்டுச் சீர் செய்ய ஆள் வேண்டும். கணினியில் பட்டியல் போட்டுத் திரைப்பாட்டு ஓடவிட இதில் எதுவும் வேண்டாம். செலவுக் கணக்கு எழுதுகிற எவரும் எதைத் தேர்ந்தெடுப்பார்?

அதற்கும் மேலே வந்தது வலைப்பின்னல். இரண்டாம் கட்டத்தில், ஒரே மண்டலத்தின் சிறிய நகரங்களுக்கு மட்டும் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொன்றில் இணைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. 2011-ல் அறிவித்த மூன்றாம் கட்டக் கொள்கை, ஒரு நிறுவனம் நாடு முழுவதும் தன் நிலையங்களை இணைத்துக்கொள்ளலாம் என்றது. சிறிய ஊர்களில் நஷ்டமில்லாமல் நடத்த வழி செய்வதுதான் நோக்கம். காலையில் உள்ளூர்த் தொகுப்பாளர் பேசுவார். இரவு நிகழ்ச்சி பெரிய நகரத்திலிருந்து வரும். பிறகு மதியமும் வரும். விளம்பரம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

சென்னையின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவிலேயே முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பு நடந்தது அங்கேதான், 1977-ல். திரைப்பாட்டு சென்னையில்தானே பதிவாகிறது, அப்படியானால் அது சென்னையின் உள்ளூர்ச் சரக்குதானே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் திரைப்பாட்டு தமிழ்நாட்டுக்கும் அதற்கு அப்பாலும் விற்கச் செய்த சரக்கு. சென்னையின் தெருக்களில் பிறந்தது கானா. அது சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் இருந்து நேராக வானொலிக்கு வரவில்லை, சினிமா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. 2018 ஜனவரியில் கானா பாடும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியபோது அதைப் பரப்பியவை மேடையும் யூடியூபும். அத்தனை அலைவரிசைகள் உள்ள நகரத்தில், அந்த நகரத்தின் பாட்டு வானொலியை நம்பி இருக்கவில்லை. நேயர்களைக் கணக்கெடுக்கும் 'ராம்' அளவீடு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களோடு நின்றது, சென்னை அதில் இல்லை. சென்னைக்காரர் எதைக் கேட்கிறார் என்பதே முறையாக அளக்கப்படாத நிலையில், ராஜபாளையத்துக்காரர் எதைக் கேட்க விரும்புவார் என்று யார் யோசிக்கப் போகிறார்கள்?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1996-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற நாட்டளவிலான வரம்பை நீக்கியது. 'கிளியர் சேனல்' என்ற நிறுவனம் சில ஆண்டுகளில் 1,200 நிலையங்களை எட்டியது. வேறு ஊரில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்த குரல், உள்ளூர்க்காரர் பேசுவது போல் ஒலித்தது. 2002 ஜனவரியில் வடக்கு டகோட்டாவின் மைனாட் நகருக்கு அருகே சரக்கு ரயில் தடம் புரண்டு அம்மோனியா கசிந்தது. மக்களை எச்சரிக்க வானொலியைத் தேடிய நகர நிர்வாகத்துக்கு உடனே ஆள் கிடைக்கவில்லை. அந்த நகரின் வணிக நிலையங்களில் ஆறு கிளியர் சேனலின் கையில் இருந்தன. பிரிட்டனில் விதிகள் தளர்ந்த பிறகு, 2019-ல் 'குளோபல்' நிறுவனம் தன் பல நகர நிலையங்களின் காலை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு லண்டனிலிருந்து ஒரே நிகழ்ச்சியை நாடு முழுக்க அனுப்பியது. பாட்டில் தொடங்குகிற இழப்பு பாட்டோடு நிற்பதில்லை என்பதற்கு மைனாட் சாட்சி. மலையடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு அது நன்றாகவே புரியும். சதுரகிரி ஓடைகளில் திடீரென்று தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று 2015 மே மாதம் பார்த்திருக்கிறோம்.

அரசு வானொலியும் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2021 ஜனவரியில், பல மாநிலங்களில் நிலையங்கள் மூடப்படப் போகின்றன, ஒரே நிகழ்ச்சிதான் எல்லா இடத்திலும் என்ற செய்தி பரவியது. எந்த நிலையமும் மூடப்படாது என்று பிரசார் பாரதி மறுத்தது. மூடவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு நிலையம் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு வாசல் கதவு அளவுகோல் அல்ல. எத்தனை மணி நேரம் அந்தக் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது என்பதே அளவுகோல். ஓய்வு பெற்றவரின் நாற்காலியில் புதியவர் வந்து உட்காராத இடத்தில் அந்த விளக்கு எப்படி எரியும்?

எங்கள் ஊர்களுக்கு வருவோம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் இருக்கின்றன. நெல்லையின் மத்திய அலை 1197 கிலோ ஹெர்ட்சில் தரையை ஒட்டி வந்து சேரும், இரவில் வானத்தில் மோதி இன்னும் தூரம் போகும். பண்பலை அப்படி அல்ல, கண்ணுக்கு நேர்க்கோட்டில் இருந்தால்தான் எட்டும். அதனால்தான் கொடைக்கானல் உச்சியில் 100.5-ல் வைத்த ஒலிபரப்பி தெற்கே இத்தனை ஊர்களைத் தொட்டது. இரண்டு திசையிலிருந்தும் ஒலி வந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒலி புறப்பட்டதில்லை. இதே தென்கோடியில் நாகர்கோவிலுக்கு 1984-லேயே உள்ளூர் வானொலி வந்தது, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். எங்களுக்குக் கிடைத்தது நகராட்சிப் பூங்காவின் குழாய் ரேடியோதான்.

2024 ஆகஸ்ட் 28-ம் தேதி மத்திய அமைச்சரவை, 234 புதிய நகரங்களில் 730 தனியார் பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டுப் பட்டியலில் ராஜபாளையம் இருக்கிறது, மூன்று அலைவரிசைகளோடு. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிய ஊர் என்பதால் ராஜபாளையம் இடம்பிடித்தது. 2011 கணக்கெடுப்பில் இங்கே 1,30,000 பேர். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,000 பேர், ஆகவே அதன் பெயர் இல்லை. கோதை பிறந்த ஊருக்குத் தலைக்கணக்கில் இடமில்லை. ராஜபாளையத்திலிருந்து புறப்படும் அலை அவ்வூர் எல்லையில் நிற்காது என்பது வேறு விஷயம்.

எனக்கு அந்தச் செய்தி மகிழ்ச்சியைத்தான் கொடுத்தது, கவலை பின்னால் வந்தது. சிறிய ஊர்களுக்கு ஏலம் கேட்க வருகிறவர்கள் குறைவு என்பதை 2016 ஏலம் காட்டியது. 266 அலைவரிசைகளில் 66 மட்டுமே விலைபோயின. துணிந்து எடுக்கிறவர் சிக்கனமாகத்தான் நடத்துவார். ஒரு சின்ன அறை, ஒரு கோபுரம், விளம்பரம் பிடிக்க இரண்டு பேர், மற்றதெல்லாம் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ கம்பி வழியாக. சட்டப்படி அதில் குற்றமில்லை. இத்தனை மணி நேரம் உள்ளூர்க் கலைஞரின் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதாவிட்டால், ராஜபாளையத்தில் மூன்று நிலையம் வந்தும் ராஜபாளையத்துப் பாட்டு ஒன்றுகூட வராது.

எழுத முடியாத நிபந்தனை அல்ல அது. சமுதாய வானொலிக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள், பாதி நிகழ்ச்சியாவது அந்தச் சமுதாயத்தின் பங்களிப்போடு உருவாக வேண்டும் என்று. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-ல் தொடங்கியது நாட்டின் முதல் வளாக வானொலி. பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் தொடங்கிய 'கடல் ஓசை' கடலோரத்துப் பாட்டையும் பேச்சையும் காற்றில் ஏற்றுகிறது. 2024 பிப்ரவரியில் சமுதாய வானொலிகளின் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகக் கூட்டினார்கள். எளிய நிலையங்களுக்கு வைத்த நிபந்தனையில் கால் பங்காவது வணிக நிலையங்களுக்கு வைக்கக் கூடாதா? தனியார் நிலையங்களுக்குச் சொந்தச் செய்தி வாசிக்க அனுமதியில்லை. ஆனால் தண்ணீர், மின்சாரம், வானிலை, பேரிடர், திருவிழா, தேர்வு, வேலைவாய்ப்பு அறிவிப்புகளைச் செய்தியாகக் கருத மாட்டோம் என்று மூன்றாம் கட்டக் கொள்கையே சொல்கிறது. ராஜபாளையம் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் எத்தனை அடி தண்ணீர், நாளைக்கு எந்தத் தெருவுக்குக் குடிநீர் என்று சொல்ல இன்றைய சட்டமே போதும். சொல்ல ஆள் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க ஆள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். வானொலி கை ஓயாதவர்களின் துணை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற ஒருவரின் பின்னால் ஒரு மாலை நின்றிருந்தேன். விறகடுப்பு, அகன்ற இரும்புச் சட்டி, கையில் நீளமான துடுப்பு. பால் சுண்டும்வரை துடுப்பு நிற்கக் கூடாது, நின்றால் அடிப்பிடித்துவிடும். பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கரில் செல்போனிலிருந்து பாட்டு ஓடியது. ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது, அதைத் தள்ளிவிடக் கை இல்லை. "யாராவது நம்மகூடப் பேசிக்கிட்டே போட்டா நல்லா இருக்கும்ண்ணே" என்றார். வானொலி கேட்பதில்லையா என்று கேட்டேன். முன்பு கேட்டதாகவும், இப்போது அதிலும் எந்த ஊரிலோ இருந்து யாரோ பேசுவதாகவும் சொன்னார். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி மடித்துக் கட்டும் பெண்களிடமும் ஏறக்குறைய இதே பதில்தான்.

பாட ஆளும் இருக்கிறார்கள். மார்கழி விடியலில் கோயில்களின் குழாய்களில் எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவை ஒலிக்கிறது, அரியக்குடியின் மெட்டில். அந்தக் குரலுக்கு ஈடில்லை. அதே நேரத்தில் ஆண்டாள் கோயிலைச் சுற்றிய வீதிகளில் பெண்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு போகிறார்கள். அவர்களுடையது வேறு மெட்டு, பாட்டியிடம் கேட்டுப் பாடுவது, சில இடங்களில் சொல்லை நீட்டுவதும் மடக்குவதும் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். முப்பது பாசுரங்களும் பிறந்த தெருவில், அந்தத் தெருவின் குரலில், அவை எப்படிப் பாடப்படுகின்றன என்பதை நான் எந்த வானொலியிலும் கேட்டதில்லை. ராஜபாளையத்தில் முன்னாள் முதலமைச்சர் பி.எஸ்.குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடுத்து உருவாக்கிய காந்தி கலை மன்றம் இருக்கிறது. கலைக்கு வீட்டைக் கொடுத்த ஊரில், வாரத்துக்கு இரண்டு நாள் பதிவுக்கு ஓர் அறை கிடைக்காதா?

மடவார்வளாகத்துக் கலைஞரின் மகனும் நாகசுரம் வாசிக்கிறார், நல்ல காற்று, நல்ல விரல். போன பங்குனியில் ஒரு கோயில் நோட்டீசுக்கு அச்சகத்திலிருந்து சரிபார்க்கத் தாள் வந்தது. அப்பா பெயருக்கு முன்னால் வழக்கம்போல 'வானொலிப் புகழ்' இருந்தது. மகனுக்கு என்ன போடட்டும் என்று அச்சகத்துப் பையன் போனில் கேட்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்தான் போனை வாங்கிப் பேசினார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்னு போடு" என்றார்.